காகிதத்துக்காகக் கழுவிய கை

திருவள்ளூர் நீதிமன்ற வாசலில் புங்கமரத்தடியில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர், உறையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை உருவி, ஓர் உதறு உதறினார். ஐப்பசி மழைக்கு முன்னால் பழவேற்காட்டுப் பக்கத்து வானம் தொண்டையைச் செருமிக்கொள்ளுமே, அப்படி ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அடுத்த மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கேட்டதும் நான் விற்க வந்த மனையும் அதன் எல்லைகளும் எங்கோ போயின. மூக்கில் கற்பூரமும் கரியும் கலந்த ஒரு வாசம் ஏறியது.

"கெயக்கால யாரு மனை சார்? சார், உங்களத்தான்" என்று எழுத்தர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிழக்கே யார் இருந்தார்கள் என்று எனக்கு நினைவு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார் என்பதுதான் நினைவு வந்தது.

அந்த மனிதர் தாளை இப்படித்தான் உதறுவார். இரண்டு விரலால் மூலையை மட்டும் பிடித்து, காதோரம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு. குழந்தை மூச்சுவிடுகிறதா என்று பார்ப்பவரைப் போல. பிறகு என் காதோரம் கொண்டுவருவார்.

"கேக்குதா? நல்ல பேப்பரு தன் கனத்தத் தானே சொல்லும் நைனா. மட்டமான பேப்பருதான் சளசளன்னு கத்திக்கினே இருக்கும்."

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் படங்களிலேயே அவர் கையெழுத்துப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அந்த மூலையில கீற வெள்ளைய நான் இன்னாத்துக்குக் கெடுக்கணும்?" என்பார். அந்த வெள்ளையை நானும் கெடுக்காமல் விடுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். அவர், பழைய லாரி பேட்டரிகளை உடைத்து அதிலிருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கும் தொழிற்சாலையில் உலைப்பிரிவில் இருந்தார். அவர் அப்பா அதே மண்ணில் யார் யாருடைய நெல்லையோ அறுத்தவர். நெல் போய் உலை வந்தது. அதைப் பற்றி அவர் ஏக்கமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "அறுப்புன்னா முதுகு போவும். இதுல ஷிப்டு முடிஞ்சா ஊடு. ஊட்டுக்கு வந்தா வெளிச்சம் மிச்சம் கீது, வரையலாம்" என்பார். காலை ஷிப்டுக்காக மேற்பார்வையாளனிடம் தொங்கிக்கொண்டு கிடப்பார். சாயங்கால வெயில் அவருக்கு வேண்டும். சன்னல் வழியாகச் சாய்ந்து வந்து தாளின்மேல் படுக்கும் வெயில்.

அந்த ஊரில் வெள்ளை என்பது ஒரு பொழுதுக்குத்தான். கொடியில் காயப்போட்ட வேட்டி மடிக்கும்போது சாம்பலாகியிருக்கும். வாசலில் கோலம் போட்டு நிமிர்வதற்குள் அதன்மேல் ஒரு பொடி உட்கார்ந்திருக்கும். அங்கே அவர் வெள்ளைத்தாள் வளர்த்தார். வளர்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், ஓவியச் சாமான் விற்கும் கடையில் பருத்தியில் செய்த தடித்த தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை உதறிப் பார்த்து, சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்துவருவார். திரும்பி வரும் ரயிலில் நெரிசலுக்கு நடுவே அந்தக் குழாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கும்மிடிப்பூண்டிவரை ஒற்றைக்கையில் தொங்கி வருவார். ஒருமுறை எண்ணூர் தாண்டும்போது யாரோ அதன்மேல் சாய்ந்துவிட்டான். "யோவ், என்மேல சாஞ்சிக்கோய்யா, அதும்மேல சாயாதே" என்று சண்டை. அந்த ஆள் உண்மையாகவே அவர்மேல் சாய்ந்து தூங்கிவிட்டான். இவர் அசையாமல் நின்றுகொண்டு வந்தார்.

வீட்டில் அந்தத் தாள்களை இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிலில் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தார். கடல் பக்கம். ஈரக்காற்று. கனம் ஏற்றி வைத்தால்தான் தாள் நெளியாது.

"பேப்பரு மேலதான் தம்பி நாங்க குடும்பம் நடத்திக்கினு கீறோம்" என்பார் அவர் மனைவி. "பொரண்டு படுத்தாக்கூட எய்ப்பி வுட்டுட்றாரு, மடிப்பு வுய்ந்துடுமாம்."

நான் கம்பெனியிலிருந்து கத்தரித்து மிஞ்சிய தாள்களை ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், குடிவந்த புதிதில். அவர் அதை வாங்கவே இல்லை. ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"இது பொட்டிக்குப் பொறந்தது நைனா. பொட்டியாவே போகட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. யாராவது நோட்டுப்புத்தகத்தில் வரைந்த படத்தைக் காட்டினால் படத்தைப் பார்க்கமாட்டார். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எத்தனை பேருக்கு அவர்மேல் எரிச்சல்! எனக்கும் இருந்தது. இருந்தாலும் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவேன். அவர் கை கழுவுவதைப் பார்க்க.

ஷிப்டு முடிந்து வந்ததும் முதலில் சாப்பாடு. குடத்தில் விரல் நுனியை நனைத்து, லுங்கியில் துடைத்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவசரம், வெளிச்சம் போய்விடும் என்று. சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உண்மையான கழுவல் ஆரம்பமாகும். புளி கரைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டு, தேங்காய் நாரால் நகக்கண்களைக் குடைந்து, முழங்கைவரை. பிறகு கைகளை முன்னால் நீட்டியபடி காற்றில் உலர்த்திக்கொண்டு நிற்பார். துண்டால் துடைக்கமாட்டார், நூல் ஒட்டுமாம். அந்த நேரத்தில் அவரை யாரும் தொடக்கூடாது.

"சோத்துக்குத் தொட்டுக்கோ தொடச்சிக்கோ, பேப்பருக்கு மட்டும் தீர்த்தமா?" என்பார் மனைவி, சட்டியைக் கழுவிக்கொண்டே.

"சோறு உள்ள போய்டும்மே. பேப்பரு நிக்கும்."

அந்தப் பதிலை நாங்கள் எல்லோரும் ரசித்தோம். மனைவியும் சிரித்தார்.

மைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் புட்டி மையும் வைத்திருந்தார். ஆனால் அவருக்குப் பிடித்தது கட்டி மை. விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக்கட்டி. கருங்கல் தட்டில் சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, வட்டமாக, பாரமே கொடுக்காமல் உரசுவார். போர் தண்ணீர் உதவாது, உப்பு. கேன் தண்ணீர்தான். வீட்டில் மனிதர்கள் போர் தண்ணீர் குடித்தார்கள், மை கேன் தண்ணீர் குடித்தது. உரச உரச அந்த வாசம் எழும். கற்பூரம், கரி, கூடவே மழை நின்ற பிறகு அணைந்துபோன அடுப்பிலிருந்து வருமே, அதுவும். லைன் வீடுகளின் சாக்கடை வாடையும் தொழிற்பேட்டையின் கந்தக நெடியும் அந்த வாசத்துக்கு முன்னால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

"வேகமா ஒரசினா மை கோச்சிக்கும்" என்பார். ஷிப்டில் மணி அடிப்பதற்குள் ஓடுகிற மனிதர், டீயைச் சூடாறாமல் ஊற்றிக்கொள்கிற மனிதர், அங்கே உட்கார்ந்து அரைமணி நேரம் ஒரு கட்டியைச் சுற்றிக்கொண்டிருப்பார். அவரை அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் என்னவோ அமைதி இழந்தது. என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது என்ற அரிப்பு. நானும் எழுதுகிறவன். கம்பெனி பேனாவில், கம்பெனித் தாளின் பின்பக்கத்தில், எங்கேயாவது எதையாவது. எந்தச் சொல்லையும் நான் அவ்வளவு நேரம் உரசியதில்லை.

பிறகு முதல் கோடு. நல்ல தாள் மையை உடனே குடித்துவிடாது. ஒரு நொடி யோசிக்கும். கோடு மேலே ஈரமாக மின்னிக்கொண்டு நிற்கும். பிறகு மினுக்கு மெல்ல அணைந்து, கறுப்பு மட்டும் தங்கும். அந்த அணைதலைப் பார்க்க அவர் தலையைச் சாய்த்துத் தாளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோவார். வாய் லேசாகத் திறந்திருக்கும். தின்பண்டக் கடை கண்ணாடிக்கு முன் நிற்கிற முகம். "பாரு பாரு பாரு... போச்சு" என்பார். ஒவ்வொரு கோட்டுக்கும்.

தூரிகை அவருக்கு ஒன்றுதான். கீரிமுடியில் செய்தது என்று சொல்லுவார், எனக்குத் தெரியாது. வீட்டில் வைத்தால் கரப்பான் முடியைத் தின்றுவிடும் என்று பேனா மூடிக்குள் செருகி, வேலைக்குப் போகும்போதும் சட்டைப்பையில் எடுத்துப்போவார். உலைப்பிரிவிலும் அது அவர் நெஞ்சோடு இருக்கும். வரைய உட்கார்ந்ததும் அதை உருவி, நுனியை உதட்டில் வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி, உருட்டி எடுப்பார். ஊசிமுனை போல வரும். ஒரு கோடு, ஒரு முறை வாய். மறுபடி ஒரு கோடு. மாலை முடியும்போது உதடுகள் நாவல்பழம் தின்றவை போல இருக்கும்.

"யோவ் மைவாயா" என்றுதான் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். டீக்கடை அக்கா தினமும் திட்டுவாள். "மைய துண்ணாதேய்யா, குடலு வெந்துடும். பொண்டாட்டி சோறு போடல?"

"உன் டீயக் குடிச்சே சாவாத ஆளு, மைய துண்ணா சாவப்போறேன்?"

கடை சிரிக்கும். எல்லோரும் மையைப் பற்றித்தான் எச்சரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆந்திர எல்லையோரம் எளாவூருக்குப் போவார். சில சமயம் நானும் கூடப் போவேன். சோதனைச்சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அவருக்கு லாரி வேண்டாம். மனிதர்கள் வேண்டாம். சரக்கின் மேல் போர்த்திய தார்ப்பாயும் அதை இறுக்கிக் கட்டிய கயிறும்தான். கயிறு அழுத்துகிற இடத்தில் தார்ப்பாய் சுருங்கி, அடுத்த கயிறுவரை உப்பி, மறுபடி சுருங்கும். அந்தச் சுருக்கங்களை மயிரிழைக் கோடுகளாக நாளெல்லாம் வரைவார். படத்தைப் பார்த்தால் உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பது போல இருக்கும்.

ஒரு நாமக்கல் டிரைவர் தோளுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம வண்டி நம்பரைப் போடலீங்களே?"

"நம்பரு ஆபீசருக்கு. எனக்குக் கயிறு போதும்."

"வெறும் கயித்த வெச்சுட்டு என்னங்க பண்றது? தூக்கு மாட்டிக்கறதுங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் நான் முதன்முதலாகக் கவனித்தேன், ஈறுகளின் ஓரமாக, பல் முளைக்கும் இடத்தில், நீலக்கறுப்பாக ஒரு கோடு. பேனாவால் இழுத்தது போல மெல்லிய கோடு. டீக்கடை அக்கா அதற்கு முன்பே பார்த்திருக்கிறாள். "இன்னாய்யா, பல்லுக்கும் பார்டர் போட்டுக்கினியா?" என்று அவள் கேட்டதும், "மைக்காரன் வாயி அப்டித்தான் இருக்கும்" என்று இவர் பெருமையாக ஈறைக் காட்டியதும் எனக்குப் பிறகு நினைவு வந்தது. மை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வேறு என்னவாக இருக்க முடியும்? உதடெல்லாம் மையாக இருக்கிற மனிதரின் ஈறில்?

வயிறு முறுக்குகிறது என்று குனிந்து நிற்பார். சோடா குடிப்பார். தொழிற்சாலையில் அவ்வப்போது ரத்தம் எடுத்தார்கள். எடுத்ததோடு சரி, என்ன வந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, எளாவூரில், நீளமான ஒரு கயிற்றை அவர் ஒரே இழுப்பில் வரைந்துகொண்டிருந்தார். கோடு பாதியில் நடுங்கியது. சாய்ந்தது. தாளின் நடுவே ஒரு சிறு பள்ளத்தாக்குப் போல இறங்கி நின்றது. அவர் தூரிகையை எடுத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்தார்.

"இந்தப் பேப்பரு சரியில்ல நைனா" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் தாளைக் குறைசொல்லி நான் கேட்டதே இல்லை. வெயிலைச் சொல்லுவார், காற்றைச் சொல்லுவார், லாரி உறுமினால் டிரைவரைத் திட்டுவார். தாளை? கையைப் பார்த்தேன். மணிக்கட்டு மடங்கி, வெயிலில் துவண்ட பூசணி இலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்தப் பார்த்தார். விரல்கள் கொஞ்சம் அசைந்தன. கை எழவில்லை. இடதுகையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், யாரோ கொடுத்துவிட்டுப்போன பொருளைப் போல.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரையும் அவர் மனைவியையும் நான்தான் அழைத்துப்போனேன். இளம் டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொன்னார். பஞ்சை நனைத்து ஈறைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. மறுபடி துடைத்தார்.

"அது மை மேடம்" என்றார் இவர், உதவி செய்கிற தொனியில்.

"மை இல்லீங்க. மேல இல்ல, உள்ள இருக்கு. துடைச்சாப் போகாது. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னோம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈயம் என்றார். ரத்தத்தில், எலும்பில், கையை நிமிர்த்தும் நரம்பில். புகையை மூச்சில் இழுத்ததில் போயிருக்கும், தூசி சாப்பாட்டில் போயிருக்கும் என்றார். பிறகு அந்தக் கறுத்த உதட்டைப் பார்த்துத் தூரிகையைப் பற்றிக் கேட்டார். இவர் உற்சாகமாகச் சட்டைப்பையிலிருந்து உருவி, இடதுகையால், நுனியை வாயில் வைத்து உருட்டியே காட்டினார்.

"இதையும் வேலைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"ஊட்டுல வெச்சா கரப்பான் துண்ணுடும் மேடம்."

டாக்டரம்மா அந்த நுனியைப் பார்த்தார். "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மனைவி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன், பாதியிலேயே அது வேறொன்றாகிவிட்டது. "பேப்பரைத் தொட்றதுக்குத்தான் மேடம் கயுவுவாரு" என்றார்.

இனி அந்த உலைப்பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டரம்மா. கை திரும்பி வரலாம், வராமலும் போகலாம், நாளாகும்.

ரயிலில் மீஞ்சூர்வரை அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நான் பார்த்த முகங்களிலேயே என்னை மிகவும் பயமுறுத்திய முகம் அது.

"அப்போ மை இல்ல. கேட்ட இல்ல? மை இல்லன்னு சொல்லிட்டாங்க."

அந்த வாரமே தொழிற்சாலையிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழக்கூடை. கெட்டவர் என்று சொல்ல முடியாது, வாசலில் செருப்பைக் கழற்றி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணே, உங்களை நாங்க விடப்போறதில்ல. கேட்டுல உக்கார்ற வேலை, ஃபேன் இருக்கு, அதே சம்பளம். ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. வீட்டுல மை சாப்பிடற பழக்கம் இருந்தது, அதனாலதான் உடம்புக்கு வந்ததுன்னு எழுதியிருக்கு. ஊரே சொல்லுது, நீங்களும் சொல்லிட்டா முடிஞ்சுது."

தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட முடியாது என்று தெரிந்திருந்ததால் ஒரு ஸ்டாம்ப் பேடும் எடுத்துவந்திருந்தார். ஊதா மை. மூடியைத் திறந்ததும் மலிவான ஒரு நெடி.

மனைவி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார். "போட்ருய்யா" என்றார் மெதுவாக. "ஒக்காந்துக்கினு இருக்குற வேலை. டாக்டரும் ஒலைகிட்ட போவாதேன்னுதானே சொன்னாங்க. போட்ரு."

அவர் இடதுகையால் தாளை வாங்கினார். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் நின்ற என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவு மெல்லிசு.

"இன்னா சார் இது? பொட்டலம் கட்டக்கூட ஆவாது. இதுலயா மைமேல பழி எய்தி எட்த்தாந்தீங்க?"

"பேப்பர் எதுவா இருந்தா என்னண்ணே..."

"மையில இன்னா கீது தெரியுமா சார்? புகைக்கரி, பிசினு. கொயந்த கண்ணுக்கு வெக்கிற மாதிரி. மோந்து பாருங்க." கருங்கல் தட்டைக் காலால் அவர்பக்கம் தள்ளினார். "எனுக்கு இன்னா வேணா ஆவட்டும். இது ஒரு பாவமும் பண்ல. நான் சொல்ல மாட்டேன்."

அதிகாரி பொறுமையாகவே இருந்தார். சமாதானமாகப் பேசிக்கொண்டே பக்கத்துப் பலகையில் கிடந்த வெற்றுத்தாள் ஒன்றின்மேல் கையை ஊன்றினார். ஸ்டாம்ப் பேடைத் திறந்த விரல். வெள்ளையின் நடுவே ஊதாவாக ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்தது. இவர் எழுந்து நின்றார். தொங்கும் கையோடு. தன் கை போனதற்கு வராத கோபம் அது.

"எய்ந்துரு. எய்ந்துரு சார். என் பேப்பரைக் கலீஜ் பண்ணிட்ட. போ வெளிய."

அதிகாரி போய்விட்டார். பழக்கூடை அங்கேயே இருந்தது. அவர் அந்தத் தாளை மடியில் போட்டுக்கொண்டு ரேகையை, அழிப்பானுக்குப் பதிலாக வைத்திருந்த ரொட்டித்துண்டால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். போகவில்லை.

மனைவிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "உன் மைக்கு மானம் கீது. உன் பேப்பருக்கு மானம் கீது. என்னய ஒரு வார்த்த கேட்டியாய்யா நீ?"

அவர் ரேகையை ஒற்றிக்கொண்டே இருந்தார். தைரியசாலி என்று அன்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. இப்போதும் பொருந்தவில்லை. பொய்க்குத் துணைபோகாத மனிதர், உண்மைதான். ஆனால் அவர் காப்பாற்றியது ஒரு கறுப்புக்கட்டியின் பெயரை. அந்த உலையின் அருகே அடுத்த ஷிப்டுக்கு நின்றவர்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. சட்டைப்பையில் தூரிகை இல்லாத அவர்களுடைய ஈறிலும் அதே கோடு இருந்ததா என்று நானும் போய்ப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஷிப்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

வேலை போயிற்று. மணிக்கட்டுக்குக் கீழே பட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள் ஆஸ்பத்திரியில். சாயங்காலங்களில் அந்தக் கட்டோடு சன்னலருகே உட்கார்ந்திருப்பார். இடதுகையால் வரைந்து பாருங்களேன் என்று ஒருநாள் சொன்னேன். "பயக்கமில்லாத கைய வெச்சி நல்ல பேப்பர நாசம் பண்றதா?" என்று என்னை முறைத்தார். மலிவான தாளில் பழகலாமே என்றேன். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிடிவாதமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் வரும், பலகைமேல் கொஞ்ச நேரம் கிடக்கும், சுவரில் ஏறும், போய்விடும்.

பள்ளிப்பட்டில் மனைவியின் அண்ணனுக்கு ஒரு உரக்கடை இருந்தது. அங்கே வந்துவிடச் சொன்னார்கள். தை பிறந்ததும் ஒரு காலையில் குட்டியானை வண்டி வந்து நின்றது. கட்டில், பாத்திரம், மாவு அரைக்கும் மெஷின் எல்லாம் ஏறின. அவர் எதையும் தூக்கவில்லை. பிளைவுட் பலகைகளை மட்டும் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, நானும் டிரைவருமாகப் படுக்கவைத்தோம். அவர் கீழே நின்று, "மெதுவா, மெதுவா, மூல இடிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடை அக்கா வந்து நின்றாள். திட்ட ஏதாவது தேடினாள், கிடைக்கவில்லை போல. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைக்கே திரும்பிவிட்டாள்.

முன்னால் டிரைவர் பக்கத்தில் மனைவி, ஓரத்தில் அவர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லா இருங்கண்ணா என்றேன். அதற்குக் கீழே ஒரு ஆயிரம் சொல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வெளுத்த உதடு. மை இல்லாமல் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, யாரோ போல இருந்தார்.

வண்டி கிளம்பியது. நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. தன் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மனைவி, எனக்காகவோ அவருக்காகவோ, அந்த மணிக்கட்டை அடியிலிருந்து பிடித்துச் சன்னலுக்கு வெளியே தூக்கி, குழந்தையின் கையை ஆட்டுவது போல எனக்கு ஆட்டிக் காட்டப் போனார். வண்டி மேட்டில் ஏறத் தயங்கி நின்ற அந்தக் கணத்தில் அந்த மனிதரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோபமாக இல்லை, கெஞ்சலாகத்தான் இருந்தது.

"உட்ரும்மே... அதுவா எய்ந்துக்கட்டும்."